"சாப்பிடு" என்று சொல்லாதவர்களுக்கு

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்து வரிசை வீட்டு மக்களுக்கும், பள்ளிக்கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், கிளினிக்கில் என்னைப் பார்த்தவர்களுக்கும் இந்த மடல். நேரில் நன்றி சொல்லத்தான் வருவேன். நீங்கள் பாயைப் போட்டு உட்கார வைத்து வேறு கதை பேசி அனுப்பிவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

2024 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட நேரம், எனக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. முதலில் காலை ரொட்டி பாதியில் நின்றது. அப்புறம் பகல் சோறு பெட்டியிலேயே திரும்பி வந்தது. சோற்றை மென்று மென்று வாயிலேயே வைத்திருப்பேன், விழுங்கும் வழி மறந்துபோன மாதிரி. செப்டெம்பரில் நிறுத்துப் பார்த்தபோது 53 கிலோவாக இருந்தவள் 44. வயிற்றில் ஒரு வலியும் இல்லை. விடிய மூன்று மணிக்கு நெஞ்சு படபடவென்று அடித்து எழுந்துவிடுவேன், அப்புறம் தூக்கம் வராது. பள்ளிக்கூட மணி அடித்தால் உள்ளங்கை வேர்க்கும். பிடித்த எதிலும் மனம் ஒட்டவில்லை. அப்பா போய் இரண்டு வருடம், வீட்டுக் கடன், தம்பியின் படிப்பு நின்றது என்று எல்லாம் சேர்ந்திருந்தன.

அந்த மாதங்களில் நான் அதிகம் கேட்ட சொல் "சாப்பிடு". அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்ததும் தொண்டை இறுகிவிடும். தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால், பரீட்சை எழுதும்போது பின்னால் ஆட்கள் நின்று பார்ப்பது போல இருக்கும். கடைசியில் சோற்றை ஒளித்துவைத்துப் பின்பக்கம் நாய்க்குப் போட ஆரம்பித்தேன். அம்மா, இதை உன்னிடம் சொன்னதே இல்லை. மன்னித்துவிடு.

டவுனில் ஓரிடத்தில் காட்டினோம். பசிக்கு ஒரு பாணி மருந்து எழுதிக் கொடுத்து, கல்யாணம் முடித்தால் சரியாகும் என்றார்கள். அதை விடுவோம்.

முதல் நன்றி எங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிக்கு. பக்கத்துக் காம்பரா வீட்டுப் பிள்ளையை நிறுக்க வந்தவர், வாசல் இஸ்தோப்பில் நின்ற என்னைப் பார்த்தார். "டீச்சர், தூங்குறீங்களா?" என்று கேட்டார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் தூக்கத்தைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரமே அரசாங்க ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு எப்போது போகவேண்டும், என்ன கொப்பி கொண்டுபோகவேண்டும் என்று எழுதித் தந்தார்.

டொக்டர் அம்மா, நீங்கள் முதலில் இரத்தம் எடுக்கச் சொன்னீர்கள். தைரொய்ட், இரத்தச்சோகை, சீனி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் மனச்சோர்வும் பதற்றமும் என்று சொன்னீர்கள். பயம் வந்தால் உடம்பு ஓடவோ எதிர்த்து நிற்கவோ தயாராகிறது, அந்த நேரத்தில் செரிமான வேலையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது, உங்களுக்கு நாள் முழுக்க அந்தப் பயம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றீர்கள். "பிடிவாதம்", "கொழுப்பு" என்று கேட்டுப் பழகிய காதுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? பசி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், இப்போதைக்கு அது சரியாக வந்து சொல்லாது, மாத்திரை மாதிரி மணி பார்த்துச் சாப்பிடுங்கள் என்றீர்கள். மூன்று வேளைத் தட்டை மறந்துவிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் கையளவு. மெல்ல முடியாவிட்டால் குடிக்கிற மாதிரி. சூட்டோடு எழும் வாசனை குமட்டினால் ஆறிய சாப்பாடு, யோகட், வாழைப்பழம்.

இன்னொன்றும் சொன்னீர்கள். நான் ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கோப்பை சாயத்தண்ணியில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்தேன். அதுவே பசியை அடக்குகிறது, படபடப்பையும் கூட்டுகிறது, சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேரவிடாது என்றீர்கள். தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் இதுவரை சொல்லாத விஷயம். இப்போது ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு.

மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையைத் தரும்போது முதல் இரண்டு வாரம் குமட்டல் கூடலாம், பசி இன்னும் குறையலாம், பயந்து நிறுத்திவிடாதீர்கள், பலன் தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்று முன்கூட்டியே சொன்னது என்னைக் காப்பாற்றியது. சொல்லாமல் விட்டிருந்தால் ஐந்தாம் நாளே அடுப்பில் போட்டிருப்பேன்.

அந்த ஆறு வாரத்தில் ஒரு ராத்திரி மிகவும் மோசம். வீட்டில் எல்லோரும் தூங்கும்போது 1926க்கு எடுத்தேன். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. மறுமுனையில் தமிழில் பேசியவருக்கு என் முகம் தெரியாது. விடியும்வரை தாக்குப்பிடிக்க அந்தக் குரல் போதுமாக இருந்தது. நன்றி.

தம்பி, நீ கொழும்பு புறக்கோட்டைக் கடையில் பதினொரு மணிநேரம் நின்றுவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கோல் எடுப்பாய். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்து உன் பாணையும் பருப்பையும் சாப்பிடுவாய், முதலாளியைப் பற்றி, மழையைப் பற்றி, கிரிக்கெட் பற்றிப் பேசுவாய். என் தட்டில் என்ன இருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. உன்னைப் பார்த்துக்கொண்டே என் கை தன்பாட்டில் வாய்க்குப் போக ஆரம்பித்தது.

அதிபர் ஐயா என் முதலாம் பாடத்தை மாற்றிக் கொடுத்தார், காலையில் அரைமணி நேரம் கிடைத்தது. விஞ்ஞான டீச்சர் சமபோஷ சத்துமாவில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக என் மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போவார். எண்ணிப் பார்க்கவே மாட்டார்.

அம்மா, உனக்கு எப்படி எழுதுவது? செய்வினை என்று பயந்து கோயிலுக்கும் கொண்டுபோனாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, எனக்காகத்தானே அலைந்தாய். ஆனால் கிளினிக் நாளில் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகாமல், அன்றைய பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாங்கில் பகல் வரை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே, ஒவ்வொரு மாதமும். டொக்டர் சொன்ன அன்றிலிருந்து "சாப்பிடு" என்ற சொல்லை விழுங்கிக்கொண்டாய். நாக்கு நுனி வரை வந்து நிற்பது எனக்குத் தெரியும். தேங்காய்ப்பால் கஞ்சியைப் பித்தளைச் செம்பில் ஊற்றி என் கொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கொழுந்துச் சாக்கைத் தைக்கிற மாதிரி திரும்பி உட்கார்ந்துகொள்வாய்.

கடைசியாக, பக்கத்துக் காம்பரா மாமிக்கு.

லயத்தில் யார் வீட்டில் என்ன சமையல் என்பது எல்லோருக்கும் தெரியும். எட்டுக் குடும்பத்துக்கு ஒரே தகரம், நடுச் சுவர் கூரை வரை போகாது. கருவாடு பொரிக்கும் வாசனை சுவருக்கு மேலால் இறங்கிவரும். சின்ன வயதில் அந்த வாசனைக்குத் தட்டைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு ஓடிவந்தவள் நான். அந்த ஆகஸ்டில் அதே வாசனைக்குப் பின்கதவால் ஓடிப்போய்க் கானில் வாந்தி எடுத்தேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒன்றும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வாசனை வரவில்லை. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை. போன மாதம்தான் உங்கள் மகள் வாய்தவறிச் சொன்னாள். மூன்று மாதம் உங்கள் வீட்டில் கருவாடு வாங்கவில்லையாம். மாமா வாய்க்கு ருசியில்லை என்று முணுமுணுத்தபோது, "சுவருக்கு அந்தப் பக்கம் புள்ள இருக்கா" என்று மட்டும் சொன்னீர்களாம். மீன் வாங்க வழியில்லாத வீட்டில் கருவாடுதான் கறி. அதையும் எனக்காக நிறுத்தி, வெறும் கட்டச் சம்பலோடு மலைக்குப் போயிருக்கிறீர்கள், இருபது கிலோ கொழுந்து சுமந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமி, நான் இப்போது 50 கிலோ. மாத்திரை இன்னும் இருக்கிறது, கிளினிக்கும் இருக்கிறது. சில நாள் இன்னும் பாதி ரொட்டிதான் இறங்குகிறது. ஆனால் நேற்றுக் கீழ் லயத்துப் பக்கம் நடந்து வரும்போது யார் வீட்டிலோ கருவாடு பொரித்தார்கள். நின்றுவிட்டேன். வயிறு இரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கருவாடு பொரியுங்கள். நான் தட்டைக் கொண்டுவருகிறேன்.