கியர்பாக்ஸுக்குத் தனிக் கூலர் வேண்டுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை உறுதியானதில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அவளிடம் எங்கள் வாழ்த்தைச் சொல்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, அது நிறைய ஆட்கள், மேலே சாமான், நீண்ட மலையேற்றம். பாதி வழியில் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கத் தனிக் கூலர் மாட்டினால் தீர்ந்துவிடும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்கிறார்கள். தீரலாம். ஆனால் ஆயிலின் சூட்டை அளந்து பார்க்காமல் மாட்டாதே. சூட்டுக்குக் காரணம் வேறாக இருந்தால் கூலர் அதை மூடி மறைக்கும். கியர்பாக்ஸ் கெட்டுப்போவது கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

சூடு பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில்தான் பிறக்கிறது. இன்ஜினின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம் அது. அதை நேராகப் பூட்டும் லாக்கப் கிளட்ச் பிடித்திருந்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே வேகத்தில் சுற்றும். வீணாகும் சக்தி மிகக் குறைவு. லாக்கப் விட்டு, மெதுவாக, பாரத்தோடு ஏறும்போது இன்ஜின் தரும் சக்தியில் ஒரு பங்கு ஆயிலைக் கலக்கியே சூடாகிறது. கணக்குப் போட்டுப் பார். ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஒரு கிலோ ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 2 கிலோஜூல் வேண்டும். உள்ளே 8 லிட்டர் என்றால் எடை 7 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. கன்வெர்ட்டரில் 10 கிலோவாட் வீணானால் 10 நொடியில் 7 டிகிரி ஏறிவிடும். கியர்பாக்ஸின் உலோகம் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், கூலர் கொஞ்சம் எடுத்துப் போகும். இருந்தாலும் ஏறுகிற வேகம் உனக்குப் புரியும். மேட்டில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்தி வைப்பது இதனால்தான் கொடுமையானது. சக்கரம் சுற்றவில்லை என்றால் கன்வெர்ட்டருக்குள் போகும் சக்தி முழுவதும் சூடுதான்.

எவ்வளவு சூடு வரை சரி? ஓடும்போது 80 முதல் 95 டிகிரி வரை பொதுவாக நல்லது. சில புதிய கியர்பாக்ஸ்கள் 100 டிகிரியை ஒட்டி ஓடும்படியே அமைக்கப்பட்டவை, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஏற்றத்தில் சில நிமிஷம் 110 தொட்டு, இறங்கும்போது தணிந்தால் பாதகமில்லை. 120க்கு மேல் தொடர்ந்து நின்றால் ஆயில் சிதையத் தொடங்கும். வால்வுகளின் மேல் பழுப்பாகப் படலம் படியும், ஆயில் வழியைத் திறந்து மூடும் மின் வால்வான சோலனாய்டு ஒட்டிக்கொள்ளும், ரப்பர் சீல்கள் விறைத்துப்போகும். 140ஐத் தாண்டினால் கிளட்ச் தட்டுகளே கருக ஆரம்பிக்கும்.

ஆகவே முதலில் ஒரு ஸ்கேனர் வாங்கு. ஓ.பி.டி. போர்ட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க வைத்திருக்கும் இணைப்பில்) செருகி போனில் பார்க்கும் சாதாரண புளூடூத் வகையே போதும், உன் வண்டியின் கியர்பாக்ஸ் வெப்பநிலையைப் படிக்கும் ஆப் இருந்தால் சரி. மூன்று நிலைமையில் குறித்துக்கொள்: சமதளத்தில் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓடிய பிறகு, நெரிசலில் நின்று நின்று போகும்போது, முழுப் பாரத்தோடு மலையேறும்போது. போனை நீ பார்க்காதே, பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். சென்சார் எங்கே இருக்கிறது என்பதையும் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள். ஆயில் பேனில் இருப்பது சராசரிச் சூட்டைக் காட்டும். கன்வெர்ட்டரிலிருந்து ஆயில் வெளியேறும் வாயில் இருப்பது பாரம் ஏறியதும் அதைவிட 20, 30 டிகிரி கூடக் காட்டலாம். ஒன்றை மற்றதன் அளவுகோலால் பார்த்தால் தீர்ப்பு தப்பாகும்.

அதே ஸ்கேனரில் இன்ஜின் வேகத்துக்கும் கியர்பாக்ஸ் உள்வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார். சமதளத்தில் சீரான வேகத்தில் லாக்கப் பிடித்திருக்கும்போது அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். சில கியர்பாக்ஸ்கள் அதிர்வைத் தணிக்க வேண்டுமென்றே நிமிஷத்துக்கு 20 முதல் 50 சுற்று வரை வழுக்க விடும், அது இயல்பு. 200 சுற்று வித்தியாசம் விடாமல் நின்றால் லாக்கப்பில் கோளாறு. அதற்குக் கூலர் மருந்தாகாது.

மற்ற சந்தேகங்களையும் தீர்த்துவிடு. ஆயில் அளவு குறைந்தாலும் சூடு, கூடினாலும் சூடு. கூடினால் சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும், நுரை சூட்டைக் கடத்தாது. ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது, மேல் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஃபேன் இரண்டு வேகத்திலும் ஓடுகிறதா, ஓடி நின்றதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுடுகிறதா (பிரேக் விடாமல் பிடிக்கிறதா) என்றும் பார். ஆயில் பழையதென்றால் முதல் வேலை அதை மாற்றுவதுதான். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய பாதிதான் வரும், மீதி கன்வெர்ட்டரிலேயே நிற்கும். அதனால் வடித்து நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து நிரப்பு. புத்தகத்தில் சொன்ன வகை ஆயிலே வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மலையில் 115, 120 என்று நின்றால், ஆம், கூலர் மாட்டு. பாரம் இழுப்பதும் நீண்ட ஏற்றமும்தான் அது உண்மையாகவே உதவும் இடம். (மேனுவல், மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் ஏ.எம்.டி., உலர் இரட்டை கிளட்ச் வகைகளில் இந்தப் பேச்சே இல்லை. அங்கே சூடாவது கிளட்ச் தட்டு, அதைக் குளிர்விக்க ஆயில் ஓடுவதில்லை.)

இப்போது நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. கம்பெனி வைத்த கூலரைக் கழற்றிவிட்டுப் புதிய கூலரை வைக்காதே. கம்பெனிக் கூலர் ரேடியேட்டரின் தொட்டிக்குள்ளோ கியர்பாக்ஸின் மேலேயோ இருந்து, கூலன்ட் வழியாகச் சூட்டை எடுக்கிறது. கூலன்ட் 85 டிகிரி என்றால் ஆயிலை அதற்குக் கீழே கொண்டுபோக அதனால் முடியாது, அது அதன் எல்லை. ஆனால் வண்டி நின்றாலும் அது வேலை செய்யும், காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடேற்றியும் தரும். நீ புதிதாக மாட்டும் காற்றுக் கூலருக்கு அந்த எல்லை இல்லை, காற்றின் சூட்டை நெருங்கும்வரை குளிர்விக்கும். ஆனால் காற்று வீசினால்தான் உண்டு. நெரிசலில் ரேடியேட்டர் ஃபேன் இழுக்கும் காற்றை நம்பித்தான் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்திருப்பதே பலம். கியர்பாக்ஸிலிருந்து வரும் ஆயில் முதலில் பழைய கூலருக்கும், பிறகு புதியதற்கும், அங்கிருந்து திரும்பி கியர்பாக்ஸுக்கும் போகட்டும். பழையதைத் தள்ளிவைக்க ஒரே நியாயம், ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் துருப்பிடித்துக் கூலன்ட்டும் ஆயிலும் கலக்கும் அபாயம். கலந்துவிட்டால் கூலன்ட்டில் இருக்கும் கிளைகால் கிளட்ச் தட்டின் பசையைக் கரைத்துவிடும், கியர்பாக்ஸ் மிஞ்சாது. ரேடியேட்டருக்கு வயதாகியிருந்தால் அதை மாற்றிவிட்டே கூலர் வேலையைத் தொடங்கு.

வகைகளில், தட்டுகளை அடுக்கிச் செய்தது வாங்கு. குழாயைச் சுருட்டித் துடுப்பு வைத்தது மலிவு, ஆனால் அதே குளிர்ச்சிக்குப் பெரிதாக வேண்டும், ஆயில் ஓட்டத்துக்குத் தடையும் அதிகம். தடை ஏன் முக்கியம் என்றால், பல கியர்பாக்ஸ்களில் கூலரிலிருந்து திரும்பும் ஆயில்தான் உள்ளே பிளானெட்டரி கியர்களுக்கும் புஷ்களுக்கும் மசகாகப் போகிறது. ஹோஸைக் குறுக்கினால் சூட்டைக் குறைக்கிறேன் என்று மசகைக் குறைத்ததாகிவிடும். இருக்கும் குழாய் 9.5 மி.மீ. என்றால் ஹோஸின் உள்விட்டமும் அதற்குக் குறையக் கூடாது.

தெர்மோஸ்டாட் பைபாஸ் ஒன்றும் வை, ஆயில் சூடாகும்வரை அது புதிய கூலருக்குப் போகாமல் திருப்பிவிடும். 80 டிகிரியை ஒட்டித் திறப்பது போதும். குளிர்ந்த காலையிலும் நெடுஞ்சாலையிலும் ஆயில் 60க்குக் கீழேயே கிடந்தால் லாக்கப் தாமதமாகப் பிடிக்கும், கியர் மாற்றம் முரடாகும், எரிபொருளும் கூடச் செலவாகும்.

திரும்பும் குழாய் எது என்று யாரையும் கேட்டு முடிவு செய்யாதே, அளந்து பார். அகச்சிவப்பு வெப்பமானி பளபளக்கும் உலோகத்தில் பொய் சொல்லும். இரண்டு குழாயிலும் கறுப்பு டேப் ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் அளக்க வேண்டும். வண்டி நன்றாக ஓடிய பிறகு சூடு குறைந்ததே திரும்பும் குழாய்.

கண்டென்சருக்கு முன்னால், ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சட்டத்தில் பிராக்கெட் போட்டுப் பொருத்து. ரேடியேட்டர் துடுப்புகளுக்குள் பிளாஸ்டிக் கம்பியைக் குத்திக் கட்டும் முறை வேண்டாம். அதிர்வில் அது அறுத்து அறுத்து கண்டென்சரைத் துளைத்துவிடும். வாய்கள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், கீழே பார்த்தால் காற்று சிக்கும்.

கசிவு வருவது பெரும்பாலும் இணைப்பில்தான், அதனால் இங்கே பொறுமை வேண்டும். முடிந்தால் கம்பெனிக் குழாயின் ரப்பர்ப் பகுதியிலேயே இணை. உலோகத்தை வெட்டத்தான் வேண்டுமென்றால் உருளும் குழாய் வெட்டி மட்டும். ரம்பம் போட்டால் தூள் நேராக, ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பாடிக்குப் போகும். வெட்டிய நுனி வழவழப்பாக இருக்கும், அதில் ஹோஸ் நிற்காது. ஃப்ளேரிங் கருவியின் முதல் படியை மட்டும் செய்தால் நுனியில் சின்ன முட்டு ஒன்று எழும்பும். ஹோஸை அதன் மேல் 25 மி.மீ. ஏற்றி, முட்டுக்கும் ஹோஸின் நுனிக்கும் நடுவில் கிளாம்ப் போடு. ரப்பர் கிளாம்பின் இடுக்கில் லேசாகப் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும். ஹோஸ் ஏ.டி.எஃப்.புக்கென்றே செய்ததாக இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பிறகு எல்லாக் கிளாம்பையும் ஒருமுறை சரிபார்.

புதிய கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டர் ஆயிலை வாங்கிக்கொள்ளும். அளவு பார்ப்பதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. டிப்ஸ்டிக் இல்லாத கியர்பாக்ஸில் இன்ஜின் ஓட, ஆயில் 40 டிகிரியை ஒட்டி இருக்கும்போது அளவுத் திருகைத் திறந்து பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அந்தச் சூட்டில் தெர்மோஸ்டாட் மூடியிருக்கும், கூலர் இன்னும் காலியாகக் கிடக்கும். அளவு சரியாகத் தெரிந்து, ஓட ஓடக் குறையும். அதனால் அரை லிட்டர் கூட ஊற்றி, 90 டிகிரி வரை ஓட்டி, கூலர் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, ஆறவிட்டு, பிறகு முறைப்படி அளவு பார். திருகிலிருந்து தாரையாக வருவது சொட்டாக மாறும்போது மூடு.

கூலர் வரும்வரை மலையில் 'டி'யில் விட்டு ஏறாதே. கியரை ஒன்று குறைத்துப் பிடி; இன்ஜின் சத்தம் கூடும், ஆனால் லாக்கப் விடாமல் நிற்கும். எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி, 'பி'யில் இன்ஜினை ஓடவிடு. ஆயில் சுற்றிக்கொண்டிருந்தால்தான் ஆறும், அணைத்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

மூன்று நிலைமையின் அளவுகளையும், குழாயின் வெளிவிட்டத்தையும், கூலர் வைக்கப்போகும் இடத்தின் நீள அகலத்தையும் எழுதி அனுப்பு. எத்தனை தட்டுக் கூலர், எந்த இணைப்புகள் என்று உடனே பதில் போடுகிறேன்.

அன்புடன்,
ராஜு