ரிப்போர்ட்டைப் பார்த்தோம் மக்களே

மக்களே,

உனக்கு வலிப்பு வந்ததுக்கு எடுத்த மூளை ஸ்கேன் ரிப்போர்ட்டை நீ வாட்ஸாப்பில் அனுப்பினாயே, அதை அப்பா பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தார். அதுக்கப்புறம் நீ போனே எடுக்கல்ல. ராத்திரி நேரத்துக்குத் தூங்குறியா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன், வேறொண்ணும் இல்ல.

இடது பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி, இன்னதென்று உறுதியில்லை, நோயாளியின் நிலையோடு சேர்த்துப் பார்க்கவும் என்று போட்டிருக்கு. இதை வைத்து ஒண்ணுமில்ல என்றும் இருந்துவிடாதே, கட்டி என்று கூகுளில் தேடி உருகவும் செய்யாதே. நர்ஸ் மைனியிடம் கேட்டேன். படம் வாசிக்கிற டாக்டர் உன்னைக் கண்டதே இல்ல, உனக்கு எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது, அதனால்தான் அப்படி எழுதுவாங்களாம். வலிப்பு வந்த கையோடு படமெடுத்தால் அந்த வலிப்பினாலேயே ஒரு இடம் வெள்ளையாகத் தெரியலாம், பிறகு தானே மறைந்துவிடும். நாடாப்புழு முட்டை மூளைக்குப் போய்க் கட்டின குமிழியாகவும் இருக்கலாம், நம்ம நாட்டில் அது நிறைய உண்டு, மருந்தும் உண்டு. பழைய தழும்பாகவும் இருக்கலாம். கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் தெளியும். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கிற ஈஈஜி நார்மல் என்கிறாய், அது அந்தக் கொஞ்ச நேரத்துக் கணக்குதான். தூக்கம் முழித்துவிட்டு எடுத்தால் கோளாறு தெரிய வாய்ப்பு கூடுதல். மாத்திரையை நீயாக நிறுத்தாதே.

தழும்பு என்றதும் ஒண்ணு சொல்லணும். ஒன்றரை வயசில் உனக்குக் காய்ச்சலோடு ஜன்னி, அதான் வலிப்பு, வந்தது. தக்கலை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை நிற்கல்ல, கால்மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஆச்சி அந்தப் பேச்சையே எடுக்கவிட மாட்டாள், உனக்கு எப்படித் தெரியும்? நியூரோ டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்லு. குழந்தையில் அப்படி நீண்டு வந்த ஜன்னி சிலருக்குத் தழும்பை விட்டுப்போகும்.

திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் வலிப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கு. நாகர்கோவிலில் இருந்து 70 கிலோமீட்டர்தான். ரிப்போர்ட் மட்டும் போதாது, படத்தின் சிடியையும் எடுத்துக்கிட்டு வா.

நம்ம குடும்பத்தில் முதல்முதலாக ஊரைவிட்டுப் போய்த் தனியாக நின்று சம்பாதிக்கிறவன் நீ. யாரிடமும் சொல்லாமல் மறைக்கிறதையும் அங்கேதான் படிச்சியோ? போனவாரம் அப்பாவிடம் நீ கத்தினதை நான் மனசில் வைக்கல்ல, நீ சாப்பிடுற லெவிடிராசிட்டம் மாத்திரை சிலருக்குக் கோபத்தைக் கூட்டுமாம். அதையும் டாக்டரிடம் சொல்லு, மாற்றித் தருவார். நீயாக நிறுத்தாதே.

பைக்கை எடுக்காதே. குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதே. கூட இருக்கிற பையனுக்குச் சொல்லிவை: ஒருக்களித்துப் படுக்க வைக்கணும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, சாவி கொடுக்கிறதெல்லாம் வேண்டாம், 5 நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்.

சித்தி மகன் உன்னைப் பார்க்க வந்தானே, நீ வாய் எரிச்சல் தாங்காமல் சாப்பாட்டை மிச்சம் வைத்தாய் என்றான். நாக்கில் காயமா மக்களே? தூக்கத்தில் மறுபடி வந்ததா?

சனிக்கிழமை அப்பா அங்கே வாறார். டிக்கெட் எடுத்தாச்சு. வேண்டாம் என்று சொல்லாதே.

அம்மா