கீபோர்டு போனால் பேச்சும் போகும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். ‘அல்டிமா 4’ பற்றிய இடத்தில் ஒரு வரி உறுத்தியது. டிவியில் செருகி ஆடும் நின்டெண்டோ பெட்டிக்கு வந்த பதிப்பில் படங்கள் அழகு, மற்றபடி எல்லாப் பதிப்பும் ஒன்றுதான் என்கிறது கட்டுரை. கம்ப்யூட்டர் பதிப்பு, நின்டெண்டோ பதிப்பு இரண்டையும் ஆடியவன் என்ற முறையில் சொல்கிறேன், ஒன்றே இல்லை.

ரிச்சர்ட் கேரியட் 1985-ல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காக எழுதியது இது. கமடோர் 64, அமிகா என்று பல கம்ப்யூட்டர்களுக்கும் போய், அப்புறம்தான் நின்டெண்டோ போன்ற பெட்டிகளுக்கு வந்தது. எனக்குக் கிடைத்தது 1987-ல் வந்த ஐ.பி.எம். பதிப்பு. துபாயில் இருந்த சாச்சா (சித்தப்பா) 1991-ல் கீழக்கரைக்கு வந்தபோது ஒரு பழைய கம்ப்யூட்டரும் ஒரு டப்பா நிறைய பிளாப்பி டிஸ்க்கும் கொண்டுவந்தார். பதினாறு நிறம், இசை அறவே கிடையாது. ஒரிஜினல் பெட்டியில் துணியில் அச்சிட்ட வரைபடமும் இரண்டு புத்தகமும் உண்டு. எங்களுக்கு வந்தது காப்பி பிளாப்பி, ஆகவே வரைபடத்தைக் கோடு போட்ட நோட்டில் நானே வரைந்தேன்.

இதில் கடைசியில் கொல்வதற்கென்று ஒரு வில்லன் கிடையாது. நேர்மை, கருணை, பணிவு என எட்டுக் குணங்களில் தேறி ‘அவதார்’ ஆக வேண்டும். நம் அவதாரம்தான்! மார்க் எவ்வளவு என்று திரையில் காட்டாது. கோட்டையில் இருக்கும் ஹாக்விண்ட் என்ற ஞானியிடம் போய்க் கேட்க வேண்டும்.

மந்திரத்துக்கு வேண்டிய மூலிகையை விற்பவர்கள் கண் தெரியாதவர்கள். விலையைச் சொல்லிவிட்டு, எவ்வளவு கொடுக்கிறாய் என்று கேட்பார்கள். கீபோர்டில் நாம் அடிக்கும் எண்தான் கணக்கு. நான் ஒரே ஒரு காசு என்று அடித்தேன், சரக்கு வந்துவிட்டது. பின்னால் நின்று பார்த்த லாத்தா (அக்கா), “கண்ணு தெரியாதவங்கள ஏமாத்துறியே, வெக்கமா இல்ல?” என்றாள். விளையாட்டுதானே என்றேன். ஹாக்விண்டிடம் போனபோது அவரும் கிட்டத்தட்ட லாத்தா சொன்னதையேதான் சொன்னார்.

விளையாட்டில் வரும் ஊர் மக்களோடு பேசுவதும் கீபோர்டில் அடித்துத்தான். பேர் என்ன, என்ன தொழில் என்று தொடங்கி, அவர்கள் பதிலில் வரும் ஒரு சொல்லைப் பிடித்து அதையே திருப்பி அடிக்க வேண்டும். முதல் நாலு எழுத்து சரியாக இருந்தால் போதும். என் ஆங்கிலம் பாதி அதில் வந்தது. சிலர் நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பெருமையடித்தால் பணிவு குறைந்துவிடும்.

சில வருடம் கழித்து சாச்சா மகன் வீட்டில் நின்டெண்டோ பதிப்பை ஆடினேன். இசை அருமை, மறுக்கவில்லை. ஆனால் அதில் கீபோர்டு கிடையாது; ஆளிடம் போய்ப் பட்டனை அமுக்கினால் ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நீங்களாக எதையும் கேட்டு வாங்க வழியில்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் எட்டுப் பேராகச் சுற்றிய நம் கூட்டமும் இதில் நாலு பேராகிவிட்டது. மிச்சப் பேரைக் கோட்டையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இதையா படம் மட்டும் மாறியது என்பது?

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று காற்று. கம்ப்யூட்டர் பதிப்பில் காற்று எந்தப் பக்கம் என்று திரையில் காட்டும்; எதிர்க்காற்றில் கப்பல் நகராமல் முக்கும். வாடை எப்போது, சோழகம் எப்போது என்று பார்த்துப் பாய் விரித்த எங்கள் கரைக்காரர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

ஐ.பி.எம். பதிப்பு ஜி.ஓ.ஜி. (GOG) என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்குபவர்கள் கூடவே இருக்கும் புத்தகங்களையும் மறக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். எந்த மந்திரத்துக்கு எந்த மூலிகை என்பது அதில்தான் இருக்கிறது. அது தெரியாமல் நான் இரண்டு வருடம் கண்டதையும் கலந்து வீணாக்கினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கீழக்கரை, ராமநாதபுரம் மாவட்டம்.