கையெழுத்து வாங்காமல் கொடுத்த பொருளுக்குச் சம்பளத்தைப் பிடிக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலையை விட்டுப் போகிறவர்கள் லேப்டாப்பையும் போனையும் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிறார்கள் என்று ஒரு தொழிலதிபர் எழுதிய கடிதத்தைச் சென்ற இதழில் படித்தேன். அவர் படும் பாடு எனக்குத் தெரியும். கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் 22 வருடம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். கொடுத்த பொருள் திரும்பி வரவில்லை என்றால் முதல் கேள்வி என்னிடம்தான் வரும். ஆனால், பொருள் வந்து சேரும்வரை கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்தால் தானாக வழிக்கு வருவார்கள் என்று அவர் சொல்லியிருக்கும் யோசனையைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நானும் ஒரு முறை அதற்குத் துணை போயிருக்கிறேன்.

2019-இல் நடந்தது. சர்வீஸ் பிரிவில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு தம்பி, ஓசூரில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினார். கடைசி நாள் சாயங்காலம் டூல் பையைக் கொண்டுவந்து என் கவுண்டரில் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். ஸ்பேனர் செட், பைப் ரிஞ்ச், மெகர், பேரிங் புல்லர். புல்லரின் மூன்று கால்களிலும் பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாக எண்ணெய் தடவி வைத்திருந்தார். வேலையை விட்டுப் போகிறவர், அப்படிச் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. கேபிளில் மாட்டிக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் மட்டும் இல்லை. "அண்ணா, அது என் கைக்கே வரலைங்க" என்றார்.

லெட்ஜரைத் திறந்தேன். கிளாம்ப் மீட்டருக்கு நேரே அவர் பெயர் இருந்தது. பக்கத்தில் கையெழுத்துக் கட்டம் காலி. அவருக்கு முன்னால் அந்த ஏரியாவைப் பார்த்தவர் வேலையை விட்டபோது, பை சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போயிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேரும் எண்ணிப் பார்க்கவில்லை. லெட்ஜரில் பழைய பெயரை அடித்துவிட்டு இவர் பெயரை எழுதியது நான்தான்.

அது தெரிந்தும், பாக்கி எதுவும் இல்லை என்று ஒவ்வொரு பிரிவும் எழுதித் தரும் நோ டியூ படிவத்தில் ஸ்டோர்ஸ் கட்டத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மீட்டர் விலை அன்றைக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அதற்காக ஒரு மாதச் சம்பளம், லீவுப் பணம், வேலையிலிருந்து விடுவித்ததாகத் தரும் ரிலீவிங் லெட்டர் எல்லாமே நின்றுபோயின. ஒரு நாள் அவருடைய அம்மாவே பஸ் ஏறி வந்துவிட்டார். "எம் பையன் எடுத்திருந்தா நானே கொண்டாந்து குடுத்திருப்பேனுங்கண்ணா" என்று கேட்டில் நின்றபடி சொன்னார். ஆபீசில் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பி வைத்தேன். பேசவும் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஐந்தாவது மாதம் ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் பேனல் போர்டைத் திறந்தபோது, மீட்டர் உள்ளே ஒரு கேபிளில் மாட்டியபடியே தொங்கிக்கொண்டிருந்தது. பழைய ஆள் அளந்து பார்த்துவிட்டு எடுக்க மறந்திருக்கிறார். செட்டில்மென்ட்டும் லெட்டரும் அன்றைக்கே போயின. நான் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாலீங்கண்ணா" என்றார். லெட்டர் இல்லாததால் ஓசூர் வேலை அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

அதன் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டேன். 1936-ஆம் வருடத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். பொருள் தொலைந்ததற்காகச் சம்பளத்தில் பிடிக்கலாம். ஆனால் அந்தப் பொருள் அவர் பாதுகாப்பில் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாகத் தொலைந்திருக்க வேண்டும். பிடிப்பதற்கு முன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும், நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாய்கூடப் பிடிக்கக் கூடாது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. முன்பு மாதம் 24,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. இப்போது மேனேஜருக்கும் உண்டு. இன்னொன்று, ஒருவர் தானாக ராஜினாமா செய்து போனாலும் இரண்டு வேலை நாளுக்குள் அவர் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். 'ஃபுல் அண்ட் ஃபைனல் (கடைசிக் கணக்கு முடிப்பது) 45 நாள் ஆகும்' என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அச்சடித்து வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிப்படையாக ஒப்படைத்தது என்றால் என்ன? சீரியல் நம்பர் போட்டு, அதன் நிலையை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட ஒரு காகிதம். அது எங்களிடம் இல்லை. அப்படியிருக்க, அந்தத் தம்பியிடம் பிடிக்க எங்களுக்கு எந்த உரிமையும் இருந்திருக்கவில்லை.

நிஜமாகவே பொருளை வைத்துக்கொண்டு தர மறுக்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அவர்களுக்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 452-இன்படி புகார் கொடுக்கலாம். குற்றம் உறுதியானால் அபராதம் ஒரு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை. பொருளைத் திருப்பிக் கொடுக்கக் கோர்ட்டு கெடு வைக்கலாம், மீறினால் இரண்டு வருடம் வரை சிறை. வேலையை விட்டுப் போனவர்களுக்கும் இது பொருந்தும். பழைய 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே போலிருந்த பிரிவை வைத்து, கப்பல் நிறுவனமான ஷிப்பிங் கார்ப்பரேஷன் தன்னுடைய பம்பாய் ஃபிளாட்டை முன்னாள் ஊழியரிடம் திருப்பிக் கேட்ட வழக்கில் 1987-இலேயே சுப்ரீம் கோர்ட்டு அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் அங்கேயும் முதலில் கேட்பது, பொருளைக் கொடுத்ததற்கு என்ன ஆதாரம் என்றுதான்.

போன் விஷயத்தை அந்தத் தொழிலதிபர் ஒரு வரியில் கடந்துவிட்டார். என்னைக் கேட்டால் அதில்தான் இன்றைக்கு அதிகச் சிக்கல். எங்கள் சேல்ஸ் ஆள் ஒருவர் கம்பெனி சிம்மை ஒன்பது வருடம் வைத்திருந்தார். பேங்க், ஆதார், கேஸ் புக்கிங் எல்லாம் அந்த நம்பரில்தான். அவர் கிளம்பிய மறுநாளே சிம்மைக் கட் செய்துவிட்டோம். பி.எஃப். பணத்துக்கு ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஓ.டி.பி. வர ஆதாரோடு இணைத்த நம்பர் வேண்டும். அந்த நம்பர் செத்துக் கிடந்தது. புது நம்பர் சேர்க்க ஆதார் மையத்துக்கு அலைந்தார். ராஜினாமா கடிதம் வந்த அன்றைக்கே, 'கடைசி நாளுக்குள் பேங்கிலும் ஆதாரிலும் நம்பரை மாற்றிவிடுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கம்பெனியும் இதில் தப்பவில்லை. திரும்பி வந்த ஒரு ஐபோன், போனவருடைய சொந்த ஆப்பிள் கணக்கில் பூட்டியபடி மாதக்கணக்கில் என் டிராயரிலேயே கிடந்தது. கவுண்டரில் வாங்கும்போதே கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லிப் பார்த்து வாங்கியிருக்கலாம்.

ஈரோடு சமாச்சாரத்துக்கு அப்புறம் என் கவுண்டரில் முறையை மாற்றினேன். எதைக் கொடுத்தாலும் இரண்டு நகல், ஒன்று எடுத்துப் போகிறவருக்கு. ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகக் கைமாற்றுவது கிடையாது, ஸ்டோர்ஸ் வழியாகத்தான் போக வேண்டும். திருப்பித் தரும்போது அந்த நிமிடமே ரசீது. வெளியூர்க்காரர்கள் கூரியரில் அனுப்பினால் செலவு கம்பெனியுடையது, பெட்டியைத் திறக்கும்போது போட்டோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுவோம். வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவர் பையையும் பிரித்து எண்ணிப் பார்ப்போம். ஏதாவது குறைந்தால், ஆள் வேலையில் இருக்கும்போதே பேசி முடிந்துவிடும்.

அந்தப் படிவத்தின் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கடிதம் எழுதிய தொழிலதிபருக்கு அனுப்பி வைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர்ஸ் பொறுப்பாளர்,
கோவை