கோபுரத்தை இடித்துக் கல் எண்ணியவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஆங்கில மிகுபுனைவு பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நடை விறுவிறுப்பு. ஆனால் ‘ஹாபிட்’, ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதைகளை எழுதிய டோல்கீன், பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தைப் பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு 1963இல் நடந்ததாக அச்சாகியிருக்கிறது. அது 1936. இலக்கங்கள் இடம் மாறிய அச்சுப்பிழை என்று விட்டுவிடலாம்தான். ஆனால் கட்டுரையின் வாதமே அந்தப் பிழையின் மேல் நிற்கிறது. முதலில் கதை எழுதினார், கதை புகழ் பெற்றது, பிறகு அதற்கு ஒரு கௌரவம் தேட அரக்கர்களைப் பற்றிய ஆய்வு வந்தது என்கிறார் கட்டுரையாளர். நடந்தது தலைகீழ்.

டோல்கீன் 1925 முதல் ஆக்ஸ்போர்டில் ஆங்கிலோ-சாக்சன் பேராசிரியர். 1936 நவம்பர் 25 அன்று லண்டனில் பிரிட்டிஷ் அகாதமியில் அந்த உரையை நிகழ்த்தினார். ‘ஹாபிட்’ அச்சாகி வந்தது அடுத்த ஆண்டு செப்டம்பரில். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ வர இன்னும் பதினெட்டு வருடம் இருந்தது.

அந்த உரைக்கு முன் பேயோவுல்ஃபை எப்படிப் படித்தார்கள் என்பது ஒரு வேடிக்கை. கி.பி. 1000 வாக்கில் எழுதப்பட்ட ஒரே ஒரு சுவடிதான் அதற்கு உண்டு. 1731இல் லண்டனில் காட்டன் நூலகம் தீப்பிடித்தபோது ஓரங்கள் கருகின. பிறகு தொட்டாலே உதிர்ந்தன. தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர் 1787 வாக்கில் எடுத்துவைத்த படியால்தான் பல சொற்கள் பிழைத்தன. அவரே 1815இல் கோபன்ஹேகனில் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். லத்தீனில் அவர் வைத்த தலைப்பு, மூன்றாம் நான்காம் நூற்றாண்டுகளில் டேனியர் செய்த காரியங்கள் என்பது. சுவடியில் தலைப்பே கிடையாது. இரண்டே வருடத்தில் குருண்ட்விக் என்ற டேனிய அறிஞர், நாயகனின் தாய்மாமன் ஹைகெலாக் ஓர் உண்மை மனிதர், ஆறாம் நூற்றாண்டில் கிரெகரி எழுதிய பிராங்கியர் வரலாற்றில் வருகிறார் என்று கண்டு சொன்னார். அபாரமான கண்டுபிடிப்பு, ஒரு நூற்றாண்டுக்கு அறிஞர்கள் காவியத்தில் வரலாற்றைத் தோண்ட ஆளுக்கொரு மண்வெட்டியோடு கிளம்பவும் அதுவே போதுமானதாயிற்று. டபிள்யூ. பி. கெர் போன்ற நல்ல ரசிகர்கூட, அற்பமானவை காவியத்தின் நடுவிலும் முக்கியமானவை ஓரங்களிலும் இருப்பதாகக் குறைப்பட்டார். அற்பம் என்றால் நாயகன் பேயோவுல்ஃப் போரிடும் மூன்று அரக்கர்கள்: கிரெண்டல், அவன் தாய், டிராகன்.

டோல்கீன் இதற்கு ஒரு கதை சொன்னார். ஒருவனுக்குச் சொத்தாக வந்த நிலத்தில் ஒரு பழைய மாளிகையின் கற்கள் குவிந்துகிடந்தன. அவற்றைக்கொண்டு கோபுரம் கட்டினான். நண்பர்கள் வந்தார்கள், படியேறிப் பார்க்கவில்லை. கல் பழசாயிற்றே, உள்ளே சிற்பமோ எழுத்தோ இருக்குமே என்று கோபுரத்தை இடித்துத் தள்ளினார்கள். சிலர் அடியில் நிலக்கரி தேடினார்கள். இடித்துவிட்டு, என்ன குழப்பமான கட்டடம் என்றும் சொன்னார்கள். அந்த உச்சியில் நின்றால் அவனுக்குக் கடல் தெரிந்தது.

எழுபதுகளின் கடைசியில் நான் எம்.ஏ. படித்தபோது எங்கள் நோட்ஸில் இந்தக் காவியத்துக்கு அரைப் பக்கம். ‘பழைய ஜெர்மானியச் சமூக வாழ்வை அறிய உதவும் ஆவணம்’ என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். கல் எண்ணியவர்களில் நானும் ஒருவன்.

அரக்கர்கள் நடுவில் இருப்பது புலவனின் தவறல்ல, அதுதான் கவிதை என்பது டோல்கீனின் கட்சி. எதிரி இன்னொரு அரசன் என்றால் அது ஒரு குலப்பகை. எதிரி இருளிலிருந்தே வருகிறான் என்றால் அது மனிதனின் கதை. முதல் 2,199 வரிகளில் நாயகன் இளைஞன், ஜெயிக்கிறான். மீதி ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வரிகளில் ஐம்பது வருடம் ஆண்ட கிழவன். டிராகனைக் கொன்று தானும் சாகிறான். இந்தத் தராசுத் தட்டு ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது என்றும் காட்டினார். வரி நடுவில் பிளந்து இரண்டு பாதியாக நிற்கும். பாதிக்கு இரண்டு அழுத்தம். இரண்டையும் கட்டுவது மோனை. இது இசையைவிடக் கல்கட்டுக்குத்தான் நெருக்கம் என்றார். (அங்கே எந்த உயிரும் எந்த உயிரோடும் மோனையாகும். அ, ஆ, ஐ, ஔ ஒரு கூட்டம் என்று பிரித்துவைத்த நம் இலக்கணக்காரர்கள் அவ்வளவு தாராளமாக இல்லை.)

ஆனால் டோல்கீன் சொன்னதெல்லாம் வேதமல்ல. இளமை, முதுமை என்று இரண்டு தட்டு வைத்த அவசரத்தில் கிரெண்டலின் தாயை அவர் கிட்டத்தட்ட விட்டேவிட்டார். 1980க்குப் பிறகு பெண் ஆய்வாளர்கள் இதைச் சரியாகவே பிடித்தார்கள். அகராதி பார்க்கும் வழக்கமுள்ளவர்களுக்கு இங்கே நல்ல வேட்டை உண்டு. காவியத்தில் ‘ஆக்லாக்கா’ என்று ஒரு சொல். கிரெண்டலுக்கு வந்தால் 1922இல் வெளியான கிளேபர் பதிப்பின் சொல்லடைவு ‘அரக்கன்’ என்கிறது. வீரன் சிக்மண்டுக்கு வந்தால் ‘வீரன்’. கிரெண்டலின் தாய்க்கு அதோடு ‘பெண்’ சேர்த்து வந்தால், ‘அரக்கி’. 2592ஆம் வரியில் புலவன் அதே சொல்லைப் பன்மையில் வைத்து பேயோவுல்ஃபையும் டிராகனையும் சேர்த்தே குறிக்கிறான். கொல்பவனுக்கும் கொல்லப்படுவதற்கும் ஒரே பெயர். ‘அஞ்சத்தக்கவர்’ என்று தமிழில் சொல்லிப் பார்க்கிறேன். முழுத் திருப்தி இல்லை.

இன்னொன்று. டிராகனின் புதையலிலிருந்து கோப்பை திருடும் காட்சியை ‘ஹாபிட்’ பேயோவுல்ஃபிலிருந்து நகலெடுத்தது என்கிறார் கட்டுரையாளர். இதே சந்தேகம் அப்போதே ஒரு வாசகருக்கு வந்து ‘அப்சர்வர்’ வார இதழுக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். 1938 பிப்ரவரியில் டோல்கீனின் பதில் அதே பத்திரிகையில் ஆசிரியருக்குக் கடிதமாகவே வந்தது. பேயோவுல்ஃப் தனக்கு மிகவும் மதிப்புள்ள மூலங்களில் ஒன்றுதான். ஆனால் எழுதும்போது அது நினைவில் இல்லை, கதை அந்த இடத்துக்கு வந்தபோது திருட்டு தானாக நடந்துவிட்டது என்று அதில் சொல்கிறார். கட்டுரையாளர் அந்தக் கடிதத்தைத் தேடிப் படிக்கட்டும். ஆண்டை மட்டும் அடுத்த இதழில் திருத்திப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பாளையங்கோட்டை