கல்குழியைக் காடாக்கியவர்களுக்கு, ஆர்.கே.புரத்திலிருந்து நன்றி

வணக்கம். போன ஞாயிறு டெல்லி ஆர்.கே.புரம், முனிர்கா தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வசந்த் விஹார் பக்கம் இருக்கும் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவுக்குப் போய்வந்தோம். அதற்குக் கை கொடுத்த எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் இது, ஆனால் முதல் நன்றி நம்மவர்களுக்கு இல்லை.

நம் மலை மந்திர் முருகன் கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தும் நம்மில் பலர் அதை என்றைக்கும் இருந்த காடு என்றே நினைத்திருந்தோம். மைக்காவுக்கும் சரளைக்கும் கட்டட வேலைக்கான பதர்பூர் மணலுக்கும் தோண்டித் தோண்டி, குழியும் பாறையுமாக விட்டுப்போன நிலம் அது, ஏறத்தாழ 690 ஏக்கர். அதை மீட்டெடுத்த டெல்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர்.பாபு அவர்களுக்கும் அவர் குழுவுக்கும், இடத்தை ஒதுக்கிக் கூடவே நின்ற டெல்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் (டிடிஏ) பெரிய நன்றி.

அங்கேயும் மண்டிக் கிடந்தது நம் ராமநாதபுரத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த சீமைக் கருவேலம்தான். புல்டோசரை விட்டு ஒரேயடியாகப் பிடுங்கினால் இருக்கிற கொஞ்ச மண்ணும் முதல் மழையில் போய்விடும் என்பதால், கிளைகளை மட்டும் கழித்து, வெயில் கீழே இறங்க வழி செய்து, புல்லையும் புதரையும் ஆரவல்லிக்கே உரிய மரங்களையும் அடியில் வளரவிட்டு, அவை தலையெடுக்கத் தலையெடுக்கக் கருவேலத்தைப் பின்வாங்க வைத்திருக்கிறார்கள். கன்று நட்டு போட்டோ எடுப்பதோடு முடிகிற வேலை இல்லை இது, வருஷக்கணக்காகப் பொறுமை வேண்டும்.

பழைய சுரங்கக் குழி ஒன்றில் பெரணிச் செடிகள் (ஃபெர்ன்) வளர்க்கிறார்கள். சுற்றிலும் பாறைச் சுவர், அதனால் லூ என்கிற கோடை அனல்காற்று உள்ளே வராது, ஈரமும் தங்குகிறது. அங்கே வேலை பார்க்கும் தோட்டக்காரர் பாட்டிகளை ஒவ்வொருவராகக் கைபிடித்து இறக்கிவிட்டு, ஒரு இலையைத் திருப்பி, அடியில் வரிசையாக ஒட்டியிருந்த பழுப்புப் புள்ளிகளைக் காட்டி, இவைதான் இதன் வித்து என்றார். ஹிந்தியில் அவர் சொன்னதை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பாட்டிகளுக்குத் தமிழில் சொன்னான். அண்ணா, மே மாத வெயிலில் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் காட்டுவது நீங்களும் உங்கள் கூட்டாளிகளும்தான், உங்களுக்குத்தான் எங்கள் முதல் வணக்கம்.

நகரத்தின் தென்கோடியில் பட்டி (Bhatti) என்ற ஊரின் பழைய சுரங்கப் பகுதியில் 2000 முதல் மரம் வளர்க்கும் பிரதேச ராணுவச் (டெரிடோரியல் ஆர்மி) சூழல் படையினரையும் மறக்க மாட்டோம்.

அப்புறம் நம்மவர்கள். விடியற்காலையில் எழுந்து புளியோதரை கட்டிய மாமிகள், வேன் பிடித்துக் கொடுத்த முனிர்கா தம்பிகள், ஒரு பிளாஸ்டிக் கவரைக்கூடக் கீழே விடாமல் பொறுக்கி வந்த பிள்ளைகள், எல்லோருக்கும் நன்றி.

மழை தொடங்கியதும் மறுபடி போகிறோம். அன்றைக்குத் தோட்டக்காரர்களுக்கும் காவலர்களுக்கும் சேர்த்தே சாப்பாடு, மாமிகளிடம் இப்போதே சொல்லியாயிற்று.