ஊரே சேர்ந்து போனைக் கீழ வெச்சாத்தான் பசங்களும் வெப்பாங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம். வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்துல விவசாயம் பண்றேன். பசங்க செல்போனால கெட்டுப்போறாங்கன்னு எல்லாரும் பசங்களையே திட்டுறாங்க, அதான் எங்க வீட்ல நடந்தத எழுதணும்னு தோணுச்சு.

போன குறுவையப்போ எங்களுக்கு த்ரீ ஃபேஸ் கரண்ட் ராத்திரி முறை. ரெண்டு மணிக்கு மோட்டார் போட எந்திரிச்சா, பத்தாவது படிக்கிற பையன் போர்வைக்குள்ள வெளிச்சம். கேம். எத்தனை நாளா நடக்குதோ தெரியாது. கோவத்துல போனைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன், ரெண்டு நாள் சாப்பிடல, மூணாம் நாள் அவங்க அம்மாவ அடிக்க கை ஓங்கிட்டான். அதட்டிக்கூட பேசத் தெரியாத புள்ளைங்க அவன். நானும் அவளும் அன்னிக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

14416னு ஒரு நம்பர் இருக்கு, டெலி மானஸ்னு கவர்மென்ட் நடத்துற மனநல ஆலோசனை நம்பர், காசு கிடையாது, எந்நேரமும் தமிழ்லயே பேசலாம். அவங்க சொல்லித்தான் கவர்மென்ட் ஆஸ்பத்திரில மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். கேம் அடிமைத்தனத்த உலக சுகாதார நிறுவனம் 2019லயே நோய்ப் பட்டியல்ல சேர்த்துருச்சாம், ஆனா ரொம்ப நேரம் ஆடுற எல்லாரும் நோயாளி கிடையாது, நிறுத்தணும்னு நெனைச்சாலும் முடியாம, படிப்பு சாப்பாட்டவிட அதுவே பெருசா போய், கெடுதல்னு தெரிஞ்சும் ஒரு வருஷம் போல விடாம ஆடுனாத்தான் அப்படி சொல்லுவாங்களாம். உங்க பையன் அந்த அளவுக்குப் போகல, ஆனா திடீர்னு புடுங்காதீங்கன்னாரு. அப்புறம் எங்க ரெண்டு பேரையும் பார்த்து, நீங்க எப்போ போனைக் கீழ வெப்பீங்கன்னு கேட்டாரு.

என் போன் செட்டிங்ஸ்ல டிஜிட்டல் வெல்பீயிங்னு இருக்குறத அவரே எடுத்துக் காமிச்சாரு, ஒரு நாளைக்கு நாலே முக்கால் மணி நேரம், பாதிக்கு மேல ரீல்ஸ். நான் வரப்புல உக்காந்து பார்த்ததுதான் அத்தனையும்.

போனை வேணாம்னு தூக்கிப் போட முடியாதுங்க. மோட்டார் ஸ்டார்ட்டரே போன்லதான் ஓடுது, கொள்முதல் நிலையத்துல நெல் போட ஆன்லைன்ல பதியணும், மழை நிலவரம் அதுலதான். அதனால ஒம்பது மணிக்கு மேல மூணு போனும் தாழ்வாரத்துலதான் சார்ஜ் ஏறும், படுக்கற எடத்துக்கு வராது. அலாரத்துக்கு வேணும்னு சொல்ல முடியாதபடி கும்பகோணத்துல ஒரு கடிகாரம் வாங்கிட்டோம். போன் கால் வர்றதத் தவிர மத்த நோட்டிஃபிகேஷன் எல்லாம் ஆஃப். பையனுக்கு கேம் ரெண்டு மணி நேரத்துல ஆரம்பிச்சு வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சோம், இப்ப அரை மணி நேரம். இதுக்கு நாலு மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு வாட்டி பழையபடி ஆயிடுச்சு.

ஆனா ஒரு வீடு மட்டும் செஞ்சா பத்தலைங்க. பக்கத்து வீட்டு சிநேகிதன் ஆன்லைன்ல இருக்கான், இவன் மட்டும் எப்படி சும்மா உக்காருவான்? மகாராஷ்டிராவுல சாங்லி மாவட்டத்துல மோகித்யாஞ்சே வட்காவ்னு ஒரு கிராமம், 2022லேர்ந்து சாயங்காலம் ஏழு மணிக்கு கோயில்லேர்ந்து சைரன் ஊதுனா ஊரே போனையும் டிவியையும் அணைக்குது, ஒன்றரை மணி நேரம், பசங்க படிக்கிறாங்க. நமக்கு சங்கு ஊதுறது புதுசா என்ன, டவுன்ல நகராட்சி சங்கு கேட்டுத்தானே எங்க அப்பா காலத்துல நேரம் பார்த்தாங்க. இங்கயும் செய்யலாம், சீரியல் பாக்குற நேரம்தான், கஷ்டம்தான், இருந்தாலும் பெரியவங்க வெச்சாத்தான் புள்ளைங்க வெக்கும்.

பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடத்த வாட்ஸ்அப்ல ராத்திரி எட்டு மணிக்கு அனுப்பாதீங்க, அதச் சாக்கு வெச்சுத்தான் போன் கைக்குப் போகுது, கிளாஸ்லயே நோட்டுல எழுதிப் போடுங்க. போனை அணைக்குற அந்த நேரத்துல பசங்க போக ஒரு எடமும் வேணும். நூலகத்துக்கே தந்தைன்னு சொல்ற ரங்கநாதன் 1892ல பொறந்த சீர்காழி நம்ம டெல்டாவுலதான் இருக்கு, ஆனா எங்க ஊர்ப்புற நூலகம் பசங்க ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள பூட்டிடுது, எட்டரை வரைக்கும் தெறந்து வெச்சா போதும்.

வர்ற அக்டோபர் 2 கிராம சபையில இத தீர்மானமா போடச் சொல்லி மனு குடுக்கப் போறேன். தெருவுல பதினோரு வீட்ல கையெழுத்து வாங்கியாச்சு. உங்க பேப்பர்ல வந்துச்சுன்னா அந்தக் கட்டிங்கையும் சேர்த்து வெச்சுக் குடுப்பேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
திருவாரூர் மாவட்டம்